மூலையில் எழுதிய எண்

பாங்க்ஸி 2004-ல் வெளியிட்ட ‘கிறைஸ்ட் வித் ஷாப்பிங் பேக்ஸ்’ படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். சிலுவையில் அறையப்பட்ட இயேசு, ஆனால் சிலுவையைக் காணோம். விரித்த இரு கைகளிலும் பரிசுப்பொருட்கள் பிதுங்கும் ஷாப்பிங் பைகள். யாருக்குப் பிறந்தநாளோ அவர் தலையிலேயே அந்தக் கொண்டாட்டத்தின் சுமையைக் கட்டியாச்சு. விளக்கவுரை வேண்டாம், பார்த்த நொடியில் உறைக்கும்.

எனக்குச் சிக்கல் படத்தில் இல்லை, அது விற்கப்பட்ட விதத்தில்தான்.

இது ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சானது. கல்யாணப் பத்திரிகைக்கும் டி-ஷர்ட்டுக்கும் அடிக்கிற அதே முறைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. மை இறங்கக் கூடாத இடங்களை அதில் அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் கீழே காகிதத்தில் படம் விழும். ஸ்கிரீனைத் தயார் பண்ணத்தான் மெனக்கெடணும். அப்புறம் நூற்றுக்கணக்கில் அடிச்சுக்கிட்டே போகலாம். இந்தப் படத்திலோ கையெழுத்திட்ட பிரதிகள் 82 மட்டுமே. ஸ்கிரீன் தேய்ந்துபோய் 82-ல் நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழகிய வித்தை. நகலெடுக்கக் காலணா செலவில்லாத பொருளுக்கு லைசென்ஸ் எண் போட்டு வரம்பு கட்டினால்தான் விலை நிற்கும். ஆக, ‘வாங்கிக் குவிக்காதே’ என்று சொல்லும் காகிதமே மூலையில் உள்ள எண் வழியாக ‘சீக்கிரம் வாங்கு, தீர்ந்துடும்’ என்றும் சொல்கிறது. கிறிஸ்துமஸ் தள்ளுபடிக் கடையின் கூவலும் இதேதான்.

கலைஞனுக்குச் சாப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பாங்க்ஸியின் அச்சுப்படங்களை விற்ற ‘பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்’ ஆரம்பத்தில் சாதாரண ஆட்களும் வாங்கக்கூடிய விலையில்தான் விற்றது. ஆனால் குறைந்த விலையும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்தால் என்ன ஆகும்? முதலில் வாங்கியவர் மறுவிற்பனையில் லாபம் பார்ப்பார். அதுவே நடந்தது. 2017-ன் முடிவோடு கடையை மூடியபோது, தெருக்கலை இன்னொரு வணிகச் சரக்காகிவிட்டது என்று அவர்களே கசப்பும் கிண்டலுமாக எழுதினார்கள்.

இதற்கு மாற்று அதே வட்டாரத்திலேயே இருந்தது. 2002 முதல் லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘சாண்டாஸ் கெட்டோ’ என்ற தற்காலிகக் கடை போடுவார்கள். 2007-ல் அதை இயேசு பிறந்த பெத்லகேமுக்கே கொண்டுபோனார்கள். அங்கே விற்ற கலைப்பொருட்கள் வேண்டுமென்றால் நேரில் போய்த்தான் வாங்கணும். அதாவது இஸ்ரேல் எழுப்பிய சுவரையும் சோதனைச்சாவடியையும் கண்ணால் பார்க்காமல் பொருள் கைக்கு வராது. பணம் உள்ளூர் தொண்டுப் பணிகளுக்குப் போனது.

அங்கேயும் வியாபாரம்தான். ஆனால் வாங்குகிறவர் ஒரு விலை கொடுத்தார். அது பணம் மட்டுமல்ல.

2004-ன் படம், அதை வாங்கி மாட்டுகிறவரை விட்டுவிட்டு மாலில் வரிசையில் நிற்கிறவரைக் குத்துகிறது. அதனால்தான் அது வரவேற்பறைச் சுவரில் அவ்வளவு சௌகரியமாகத் தொங்குகிறது. பெத்லகேம் விற்பனை, வாங்குகிறவரையே இடம் பெயர்த்தது. படமாகப் பார்த்தால் முதலாவது அழகு. நுகர்வு பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டால் என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். இனிமேல் இப்படி ஒரு சுவரொட்டி கண்ணில் பட்டால், படத்தைப் பார்த்துச் சிரித்த கையோடு மூலையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள்.