மொட்டை மாடியில் மார்கழிச் சூரியகாந்தி

சூரியகாந்தி என்றால் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துக்கு வண்டி பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டியது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! எங்கள் திருப்பூரில், மார்கழிக் குளிரில், மொட்டை மாடித் தொட்டியில் பூக்கிறது. பூக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அது பூக்கிற அழகைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

ஐப்பசிக் கடைசியில், மழை கொஞ்சம் ஓய்ந்ததும் விதையை ஊன்றினேன். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றி நட்டால் முகம் சுளிக்கும், அதனால் நேராகத் தொட்டியிலேயே. ஒன்றேகால் அடியாவது ஆழம் இருக்கட்டும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும், செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்தால் போதும். மார்டன் என்று ஒரு குட்டை ரகம் இருக்கிறது, சுமார் 3 அடிதான் வளரும், 75, 80 நாளில் விதையே முற்றிவிடும், தொட்டிக்கென்றே பிறந்த மாதிரி! இரட்டை விதையிலையும் விதைத்தோலைத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு மண்ணைப் பிளந்து வந்த காலையில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எல்லாரையும் எழுப்பி மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

தண்டு சாயாமல் குச்சிக்குக் கட்ட என்ன வேண்டும்? நம் ஊரில் கேட்கவா வேண்டும், பனியன் வேஸ்ட்! சிங்கிள் ஜெர்சி துணியை நீளவாக்கில் வெட்டி ஒரு இழு இழுத்தால் தானே சுருண்டு கயிறாகிவிடும், சுணை நிறைந்த அந்தத் தண்டை அறுக்காது, தண்டு பருக்கப் பருக்க அதுவும் நெகிழ்ந்து கொடுக்கும்.

இளஞ்செடி பகலெல்லாம் சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும், ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி கிழக்கே வந்து நின்றுகொள்ளும். மலர்ந்துவிட்டாலோ கிழக்கு ஒன்றுதான், அப்புறம் அசையாது. காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவைத்தான் தேனீக்கள் அதிகம் தேடி வருகின்றன என்று 2016இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். வயலில் என்றால் அதன் முகம் பார்க்க நாம்தான் சுற்றிப் போகணும், தொட்டி என்றால்? மலர்ந்த பூவை அப்படியே திருப்பி நம்மைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்ங்க!

இப்போது நினைத்துப் பாருங்கள்: மார்கழி விடியல், கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, மூச்சு விட்டால் புகை தெரிகிற மாதிரி ஒரு பிரமை, தரையில் வெறுங்கால் சில்லிடுகிறது, கீழே தெருவில் முதல் ஷிப்ட் வேன் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது, பனி ஈரம் அப்பிய அந்த மஞ்சள் வட்டத்தில் வெயில் வந்து விழுகிறது, ஐயோ! நாள் முழுக்கத் துணிச் சாயத்துக்கான ஷேடு கார்டும் லேப் டிப்பும் பார்த்தே கண் பூத்துப்போன ஆள் நான், ஆனாலும் சொல்கிறேன், இந்த மஞ்சளை எந்தச் சாயப்பட்டறையும் இன்னும் எடுக்கவில்லை, நடுவே குனிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள், ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக விரிந்துகொண்டே போகின்றன, சுருள்களை எண்ணினால் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று கணக்குப் பிசகாமல் நிற்கின்றன, நாம் இதழ் என்று சொல்கிற ஒவ்வொன்றும்கூடத் தனிப் பூவாம், மகரந்தம் மூக்கில் ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியாமல் கம்பெனிக்குக் கிளம்பும்வரை அங்கேயே நின்றேன், செடியோடு பேசினேன், ஆமாம், வாய்விட்டுத்தான் பேசினேன்!

ஒரு தண்டுக்கு ஒரு பூதான், விதை முற்றினால் கிளிகள் பங்குக்கு வரும். வரட்டுமே! குளிரில் பூ சீக்கிரம் வாடாமல் நிற்கிறது, வேறென்ன வேண்டும்?

வருகிற ஐப்பசிக்கு மறக்காதீங்க. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊன்றாமல் வாரத்துக்கு ஒரு தொட்டியாக ஊன்றுங்கள், தை முழுக்கப் பூ இருக்கும்.