முகம் தெரியாத வரையில்தான் ஓமா

தமிழ் சினிமாவில் வில்லன் சொல்லிக்கொண்டுதான் வருவார். கார்க் கதவு திறக்கும், பளபளக்கும் ஷூ தரையில் பதியும், கேமரா காலிலிருந்து மெல்ல மேலேறும், இசை அதிரும். நம்பியார் கைகளைப் பிசைந்த காலம் தொட்டு, ரகுவரன் குரலைத் தாழ்த்தியே மிரட்டிய காலம் வரை, வில்லன் யார் என்பதில் ரசிகனுக்குப் பெரும்பாலும் சந்தேகம் இருந்ததில்லை. எப்போது அடிவாங்குவார் என்பதுதான் கேள்வி.

2017 நவம்பரில் வந்த ஹெச். வினோத்தின் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. கார்த்தி போலீஸ் அதிகாரி தீரனாக நடித்த அந்தப் படத்தில் ஓமா என்ற கொள்ளைக் கூட்டத் தலைவன் வெகுநேரம் கண்ணில் படுவதில்லை. அவன் செய்துவிட்டுப் போனதுதான் கண்ணில் படுகிறது: உடைந்த கதவு, இரும்புக் கம்பியால் பிளந்த மண்டை, காலியான பீரோ, எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு விரல் ரேகை. இவை சேர்ந்து சேர்ந்து ஒரு ஆளாகின்றன. தமிழில் மர்ம வில்லனை இவ்வளவு பொறுமையாகக் கட்டிய படங்கள் குறைவு.

கவரைப்பேட்டைக்காரர்களான நாங்கள் இந்தப் படத்தை வெறும் கதையாகப் பார்க்க முடியாது. இதன் மூலச் சம்பவங்களில் முக்கியமானது எங்கள் தொகுதியைச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டி தொகுதியின் அதிமுக சட்டமன்ற உறுப்பினராக இருந்த சுதர்சனம், 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் உள்ள தன் வீட்டில் கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் என்று நெடுஞ்சாலையை ஒட்டிய ஒதுக்குப்புற வீடுகளில் இதே பாணியில் பல கொலைகள் நடந்திருந்தன. எம்.எல்.ஏ. கொல்லப்பட்ட பிறகுதான் ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் தனிப்படை வட இந்தியா வரை போனது. ‘ஆபரேஷன் பவாரியா’ (பவாரியா, ஒரு வட இந்தியச் சமூகத்தின் பெயர்) என்று பேசப்பட்ட அந்த வேட்டைதான் படத்தின் முதுகெலும்பு. அந்த நாட்களில் ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ்போட்ட பிறகு இன்னொரு முறை இழுத்துப் பார்க்காத வீடு இந்தப் பக்கம் குறைவு.

மர்ம வில்லனைக் கட்டுவதற்கு உலக சினிமாவில் சில பழகிய வழிகள் உண்டு. ஃபிரிட்ஸ் லாங்கின் 1933ஆம் ஆண்டு மபூஸ் படத்தில் தலைவன் திரைக்குப் பின்னாலிருந்து ஆணையிடுகிறான். திரையை விலக்கினால் அங்கே ஆள் இல்லை, ஒலிபெருக்கிதான் இருக்கிறது. 1995இல் வந்த ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்தின் கைசர் சோஸே ஒருவன் சொல்லும் கதைக்குள் வாழ்கிறான். சொல்பவனை நம்பும் வரை மர்மம் நிற்கும். லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ படத்தில் ரோலக்ஸைக் கடைசி நிமிடங்கள் வரை ஒளித்துவைத்து, நட்சத்திரத்தின் முகத்தையே வெடியாக வெடிக்கிறார்கள். மூன்றிலுமே ஒளித்துவைப்பவர் ஒருவர் இருக்கிறார்: வில்லனோ, கதைசொல்லியோ, இயக்குநரோ.

ஓமாவை யாரும் ஒளித்துவைக்கவில்லை. அவன் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு மாவட்டத்துக் கோப்பு அடுத்த மாவட்டத்துக் கோப்போடு பேசாததுதான். ஒவ்வொரு கொலையும் ஒவ்வொரு காவல் நிலையத்தில் தனிக் கொலையாகத் தூங்குகிறது. மாநிலம் மாறினால் மொழி மாறுகிறது, அதிகாரி மாறுகிறார், வழக்கு எண் மாறுகிறது. கிரிமினல் மூளை என்றால் சினிமாவில் வழக்கமாகச் சதுரங்கப் பலகையும் ஆங்கில வசனமும் இருக்கும். ஓமாவின் மூளைக்கு இரண்டும் தேவையில்லை. எந்த எல்லையோடு போலீஸின் அக்கறை முடிகிறது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். இங்கே கவரைப்பேட்டையில் ஒரு டீ குடித்துவிட்டு வடக்கே வண்டியை விட்டால், அடுத்த டீயை ஆந்திராவில் குடிக்கலாம். அந்தத் தூரம்தான் அவனுடைய ஆயுதம்.

அதனால்தான் படத்தில் லாரிக்கு இவ்வளவு முக்கியத்துவம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் எங்கள் ஊரைத் தாண்டி விடிய விடிய லாரிகள் ஓடுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுவருபவை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள், தாபா ஓரம் விளக்கணைத்து நிற்பவை. நம்பர் பலகையில் எச்.ஆர்., ஆர்.ஜே., யு.பி. என்று இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வினோத் இந்தத் திரும்பிப் பார்க்காத பழக்கத்தைத்தான் படமாக்கியிருக்கிறார். லாரி அவர் படத்தில் வாகனம் மட்டும் இல்லை, முகமூடியும் அதுவே. முகமூடி போட்ட திருடனைப் பார்த்தால் சந்தேகம் வரும். லோடு லாரியைப் பார்த்து யாருக்கு வரும்? பயம் வரும்போது பார்வையாளன் ஓமாவை நினைத்துப் பயப்படுவதில்லை, சாலையை நினைத்துப் பயப்படுகிறான். சத்யன் சூரியனின் ஒளிப்பதிவு அந்த இருட்டைப் பூசி மெழுகாமல் இருட்டாகவே விட்டிருக்கிறது.

வினோத்தின் முதல் படமான ‘சதுரங்க வேட்டை’யை (2014) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கைத்திறன் இன்னும் துலங்கும். அதில் மோசடிக்காரன் காந்திபாபு வாய் ஓயாமல் பேசுகிறான். ஏமாற்றுவது எப்படி, ஏமாறுகிறவன் ஏன் ஏமாறுகிறான் என்று நமக்குப் பாடமே நடத்துகிறான். குற்றவாளியின் தலைக்குள் உட்கார்ந்து கதை சொன்ன அதே இயக்குநர், அடுத்த படத்தில் குற்றவாளியின் தலைக்குள் போக மறுக்கிறார். ஓமாவுக்குப் பஞ்ச் வசனம் கிடையாது. அவன் கூட்டம் பேசுவது நமக்குப் புரியாத மொழி. எங்கிருந்து வந்தான், ஏன் தலையிலேயே அடிக்கிறான், அடுத்து எங்கே என்று எதையும் அவன் விளக்குவதில்லை. எல்லாவற்றையும் தீரனே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாமும் அவனோடு சேர்ந்து தேடுகிறோம்.

அந்தத் தேடலின் உச்சம் சண்டைக் காட்சி ஒன்றுமல்ல, விரல் ரேகை தேடும் பகுதி. கிடைத்த ரேகையை வைத்துக்கொண்டு, மாநிலம் மாநிலமாக, சிறை சிறையாக, பழைய அட்டைகளைக் கையால் புரட்டுகிறார்கள். கணினியில் ஒரு சொடுக்கில் முகம் வந்து நிற்கும் காலம் அல்ல அது. தூசி, லெட்ஜர், உருப்பெருக்கிக் கண்ணாடி, வீட்டை மறந்த போலீஸ்காரர்கள். இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் சலிக்காமல் காட்டியதில்தான் ஓமா வளர்கிறான். ஒருவனைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் இத்தனை காலம் குனிந்து உட்கார வேண்டுமென்றால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. நடுநடுவே வரும் காதல் பாட்டுகள் இந்தக் கணக்கைக் கலைப்பது படத்தின் குறை.

பிறகு ஓமா முகம் காட்டுகிறான். ‘குலால்’, ‘ரத்த சரித்திரம்’ படங்களில் மிரட்டிய அபிமன்யு சிங் இதிலும் சோடை போகவில்லை. அந்தக் கண்களில் வெறி இருக்கிறது, உடம்பில் மிருக பலம் இருக்கிறது. ஆனாலும் அந்த நிமிடம் முதல் படம் வேறு படமாகிவிடுகிறது. இனி நடப்பது துரத்தல். ஊரே திரண்டு வந்து போலீஸை மறிக்கும் சண்டையைத் திலீப் சுப்பராயன் அமைத்த விதம் அபாரம். நாற்காலி நுனிக்கு வராமல் பார்க்க முடியாது. ஆனால் அது வேறு வகை இன்பம். லாரிக்குள் இருந்த ஓமா எவ்வளவு பெரியவன் என்று நமக்குத் தெரியாது. பாலைவனத்தில் ஓடும் ஓமாவின் உயரம் நமக்குத் தெரிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய சறுக்கல் இன்னொன்று. ஓமா யார் என்ற கேள்விக்குப் படம் தரும் விடை, அவன் எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்பதாக முடிகிறது. வரலாற்று விளக்கம் என்ற பெயரில் ஒரு சமூகமே வேட்டைக்கும் கொலைக்கும் பிறந்ததுபோல் ஒரு சித்திரம் விழுகிறது. படத்தில் வந்த ‘குற்றப்பரம்பரை’ என்ற சொல்லுக்குச் சீர்மரபினரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் தமிழ்நாட்டிலும் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. அதன்கீழ் ரேகை வைக்க மறுத்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டார்கள்; துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். படத்தில் நாயகனுக்கு வழிகாட்டும் அதே விரல் ரேகை, அங்கே ஒரு ஊரையே நசுக்க வந்த கருவி. இந்த இரண்டையும் தெரிந்தவன்தான் ஓமாவைச் சரியாக எழுத முடியும். ஒரு ரேகை ஒரே ஒரு ஆளைத்தான் காட்டும். அவன் சாதியைக் காட்டாது. துப்பறியும் பாதியில் இதை மறக்காத படம், விளக்கம் சொல்லும் இடத்தில் மறந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் விவாதம் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்ய வடக்கிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பாதிக்குப் பாதி இந்தி காதில் விழும். ஒரு தனி ஆளின் மர்மம் ஒரு மொழியின், ஒரு முகச்சாயலின் மர்மமாக மாறினால் அதன் விலையை அவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், மர்ம வில்லனை எழுத விரும்பும் இளைய இயக்குநர் எவருக்கும் நான் சிபாரிசு செய்வது இந்தப் படத்தின் முதல் பாதியைத்தான். கெட்டவனை அறிவாளியாகக் காட்ட அவனுக்கு வசனம் எழுத வேண்டியதில்லை. நம்முடைய அலட்சியம் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அந்த இடங்களில் எல்லாம் அவனை நடமாட விட்டால் போதும். ஒதுக்குப்புற வீட்டுச் சாமானியர்கள் பத்து வருஷம் செத்தபோது அசையாத இயந்திரம், ஒரு எம்.எல்.ஏ. செத்த மறுநாள் அசைந்தது. ஓமாவை அத்தனை காலம் காப்பாற்றியது அவன் மூளையா, நம் மெத்தனமா என்று கேட்க வைத்ததே வினோத்தின் வெற்றி.