முன்னூற்று அறுபது சதுர அடி

உத்தரகோசமங்கைப் பக்கம் சிறு வீட்டின் வரைபடம் தாளில் இருந்தாலும் தரையில் இறங்கும்போதுதான் உயிர் பெறுகிறது. நாலு முளை, ஒரு கயிறு, ஒரு சட்டிச் சுண்ணாம்பு. கொத்தனார் கோடு போட்டதும் இளம் தம்பதி அதற்குள் நடந்து பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சி.

கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் வகுத்த அளவு 360 சதுர அடி. அதில் 300க்குக் கான்கிரீட் கூரை, மீதி 60க்கு விருப்பப்பட்ட கூரை. உதவித்தொகை 3.5 லட்சம். அளவைக் கேட்டு உதட்டைப் பிதுக்க வேண்டாம். அந்த 60தான் அழகு: ஓடு போட்டால் திண்ணையாகும்.

படுக்கையறையைத் தீர்மானிப்பது சீராக வந்த கட்டிலும் பீரோவும். பத்துக்குப் பத்து அறையில் வாசலை நடுவில் வைத்தால் இரண்டுக்கும் இடமில்லை. மூலைக்குத் தள்ளினால் தாராளம். சமையலறை அக்னி மூலையில்தான். அதில் வாதாடிப் பயனில்லை.

நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்க்கும் மாவட்டம் இது. தள்ளுவண்டியில் வரும் குடங்களை வரிசையாக வைக்க, சமையலறை வாசலை ஒட்டி ஒரு மேடை வேண்டும். நகரத்து வரைபடங்களில் இது இருக்காது. தென்காற்றுக்கு நேரெதிராக இரண்டு ஜன்னல் வைத்தால் சித்திரையைத் தாங்கலாம்.

படிக்கட்டை வெளியே விடுங்கள். பிள்ளைகள் வந்தபின் மாடி எடுக்கும்போது உள்ளே எதையும் இடிக்க வேண்டியிருக்காது.