ஃபோர் ரோசஸ் ஸ்மால் பேட்ச் செலக்ட்: கலவையும் விலையும்

ஃபோர் ரோசஸ் ஸ்மால் பேட்ச் செலக்ட், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் அருகே உள்ள ஃபோர் ரோசஸ் வடிசாலை 2019-இல் வெளியிட்ட பர்பன் விஸ்கி. ஆறு வெவ்வேறு விஸ்கிகளைச் சேர்த்துச் செய்த கலவை இது. ஆல்கஹால் அளவு 52%. இந்தக் கட்டுரை அதன் சுவையையும், அச்சுவை கேட்கும் விலைக்குத் தகுந்ததா என்பதையும் மதிப்பிடுகிறது.

கலவையா, கலப்படமா?

தமிழில் கலவை வேறு, கலப்படம் வேறு. அமெரிக்க விஸ்கிச் சந்தையில் 'பிளெண்டட்' என்ற ஒரே சொல் நெடுங்காலம் இரண்டு பொருளையும் சுமந்தது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 'பிளெண்டட் விஸ்கி' என்று விற்கப்படுவதில் நேரடி விஸ்கி 20% இருந்தால் போதும். 'பிளெண்டட் பர்பன்' என்றால் 51% நேரடி பர்பன் வேண்டும். மீதி இடத்தைச் சுவையற்ற தானிய எரிசாராயத்தால் நிரப்பச் சட்டம் இடம் தருகிறது.

பர்பன் என்று பெயர் பெறத் தானியக் கலவையில் மக்காச்சோளம் 51%-க்குக் குறையக் கூடாது. உட்புறம் கரிக்கப்பட்ட புதிய ஓக் கலத்தில் அது வைக்கப்பட வேண்டும். கலத்துக்குள் செல்லும்போது ஆல்கஹால் 62.5%-ஐத் தாண்டக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்தால் அது 'நேரடி பர்பன்'. ஒரே மாநிலத்தில் செய்த நேரடி பர்பன்களை ஒன்றோடொன்று சேர்த்தாலும் அது நேரடி பர்பனே. செலக்ட் இந்த வகையைச் சேர்ந்தது. உள்ளே இருப்பது கலவை, ஆனால் 'பிளெண்டட்' என்ற சொல்லை அது சுமக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லின் சுமையை ஃபோர் ரோசஸ் அளவுக்கு அனுபவித்த பெயர்கள் குறைவு. 1943-இல் இந்நிறுவனம் சீகிராம் வசம் வந்தது. 1950-களின் பிற்பகுதியில் அதன் நேரடி பர்பன் அமெரிக்கக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்பப்பட்டது. உள்நாட்டில் அதே பெயரில் மலிவான பிளெண்டட் விஸ்கி விற்கப்பட்டது. நல்ல சரக்கு வெளிநாட்டுக்கு, நல்ல பெயர் மட்டும் உள்ளூருக்கு என்ற நிலை சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 2002-இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் இதை வாங்கியபின் பிளெண்டட் விஸ்கி நிறுத்தப்பட்டது, பர்பன் ஊர் திரும்பியது. கலப்படம் போன்ற ஒன்றால் கெட்ட பெயரை இந்த வடிசாலை கலவையாலேயே மீட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பத்து வகைகள்

ஃபோர் ரோசஸ் இரண்டு தானியக் கலவைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்றில் மக்காச்சோளம் 75%, ரை 20%, முளைகட்டிய பார்லி 5%. மற்றதில் மக்காச்சோளம் 60%, ரை 35%, பார்லி 5%. ஒவ்வொன்றையும் ஐந்து வகை ஈஸ்ட்டுகளால் தனித்தனியே நொதிக்க வைக்கிறார்கள். இப்படிப் பத்து விஸ்கிகள் கிடைக்கின்றன. ஈஸ்ட்டுகளுக்கு எழுத்துக் குறியீடுகள் உண்டு: வி மென்மையான பழமணம், கே காரமான மசாலா, ஓ அடர்ந்த பழச்சுவை, கியூ பூமணம், எஃப் மூலிகைத் தன்மை.

பல வடிசாலைகளில் கலங்கள் உயரமான கிடங்குகளில் அடுக்கப்படுகின்றன. மேல்தளத்து வெப்பமும் கீழ்த்தளத்துக் குளிர்ச்சியும் ஒரே விஸ்கியை இருவேறாக மாற்றுகின்றன. ஃபோர் ரோசஸ் கிடங்குகளோ ஒரே தளம் கொண்டவை. இடத்தால் வரும் வேறுபாட்டைக் குறைத்து, தானியத்தாலும் ஈஸ்ட்டாலும் வேறுபாட்டைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். இங்கே கலவை குறைகளைச் சமன்செய்யும் வேலையாக இல்லை, தொடக்கத்திலேயே திட்டமிட்ட ஒன்றாக இருக்கிறது.

செலக்டில் வி, கே, எஃப் ஆகிய மூன்று ஈஸ்ட்டுகளும் இரு தானியக் கலவைகளிலும் இடம்பெறுகின்றன. இதற்கு முந்தைய ஸ்மால் பேட்சில் இருப்பவை கே, ஓ இரண்டும் தந்த நான்கு வகைகள். அதாவது அடர்ந்த பழச்சுவை விலகி, அந்த இடத்தில் மென்பழமும் மூலிகையும் வந்துள்ளன.

சுவை

சுவைப்பது வேறு, குடிப்பது வேறு. சுவைக்கச் சிறிய அளவு போதும். தொழில்முறைச் சுவைஞர்கள் வாயிலிட்டு உமிழ்வதும் வழக்கம். வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும். மூக்கைக் கோப்பைக்குள் நுழைத்தால் ஆல்கஹால் நெடி மற்றவற்றை மறைத்துவிடும்.

செலக்டில் முதலில் எழுவது சிவந்த பெர்ரிப் பழங்களின் மணம். அதன்பின் வெனிலாவும் கிராம்பும். வெனிலா மணம் ஓக் மரத்தின் லிக்னின் சூட்டில் சிதைவதால் உருவாகும் வெனிலின் தருவது. நாவில் கிராம்பு, சாதிக்காய், ரையின் உறைப்பு ஆகியவை முன்னே நிற்கின்றன, இனிப்பு பின்னே ஒலிக்கிறது. விழுங்கிய பிறகு நெடுநேரம் தங்குவது புதினாவை ஒத்த ஒரு குளிர்ச்சி. இது ஸ்மால் பேட்சில் இல்லாதது.

குறையும் உண்டு. 52% ஆல்கஹாலின் சூடு முதல் மிடறில் வி ஈஸ்ட்டின் மென்மையை அமுக்கிவிடுகிறது. சில துளி நீர் விட்டால் பழமணம் மேலெழுகிறது. நீர் சேர்த்துச் சுவைக்காமல் இதன்மேல் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

கலவையைச் சோதிக்க ஒரு நல்ல வழி, அதன் ஓர் உறுப்பைத் தனியே சுவைப்பது. இதே வடிசாலையின் 50% சிங்கிள் பேரல், ரை மிகுந்த தானியக் கலவையும் வி ஈஸ்ட்டும் சேர்ந்த ஒரே வகை. செலக்டின் ஆறில் அதுவும் ஒன்று. இரண்டையும் பெயர் மறைத்து அருகருகே வைத்தால் சிங்கிள் பேரலின் பழமும் உறைப்பும் உரத்துப் பேசும். செலக்டில் அதே குரல் கூட்டத்தில் ஒன்றாகக் கேட்கும். தனிக்குரல் விரும்புவோர்க்குச் சிங்கிள் பேரல், கதம்பம் விரும்புவோர்க்குச் செலக்ட்.

விலை

'ஸ்மால் பேட்ச்' என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறை இல்லை. எத்தனை கலங்கள் சேர்ந்தால் சிறு தொகுதி என்று யாரும் நிர்ணயிக்கவில்லை. ஆகவே அச்சொல்லுக்காக மட்டும் ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

கணக்கிடத்தக்கது ஆல்கஹால் அளவு. 750 மி.லி. செலக்டில் நீர் சேர்த்து 45%-க்கு, அதாவது ஸ்மால் பேட்சின் அளவுக்குக் கொண்டுவந்தால், சுமார் 867 மி.லி. கிடைக்கும். அதனால் 15% வரையிலான விலையேற்றம் அளவிலேயே ஈடாகிவிடுகிறது. செலக்ட் வெளிவந்தபோது பரிந்துரைக்கப்பட்ட விலை சுமார் 55 டாலர். இது ஸ்மால் பேட்சைவிட 15%-க்கும் வெகுவாக அதிகம். எஞ்சிய தொகைக்குச் சுவைதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலில் இரண்டு உண்மையானவை: கூடுதல் ஈஸ்ட் வகை தரும் மூலிகைச் சுவை, குளிரூட்டி வடிகட்டாமல் விட்டது. குளிரூட்டி வடிகட்டினால் விஸ்கி கலங்காது, ஆனால் வாய்க்குத் திடம் தரும் கொழுப்பு எஸ்டர்களில் ஒரு பகுதி போய்விடும். மூன்றாவதாக இருக்க வேண்டியது வயது. அது லேபிளில் இல்லை. வயது குறிப்பிடாத நேரடி பர்பன் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உயர்விலைக்கு விற்கும் விஸ்கி சட்டத்தின் அடித்தளத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆண்டுதோறும் வரும் வரையறுக்கப்பட்ட பதிப்பில் எந்த வகை, எத்தனை ஆண்டு என்று அறிவிக்கும் இதே வடிசாலை, செலக்டிலும் அவ்வாறு செய்யலாம்.

மதிப்பீடு

குறிக்கப்பட்ட விலையில் செலக்ட் தகுதியான கலவை. தட்டுப்பாட்டைக் காட்டிக் கடைக்காரர் விலையை ஏற்றினால் அந்தத் தகுதி போய்விடும், ஏனெனில் கூடிய தொகைக்குப் புட்டிக்குள் ஒரு துளியும் கூடவில்லை. உயர்விலைக் கலவையை மதிப்பிடுபவர் எதை எதனோடு, ஏன் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இந்த வடிசாலை வெளிப்படையாகப் பதில் தருகிறது, மூன்றாவதற்கு நாவே பதில் காண்கிறது. இதுவே கலவையைக் கலப்படத்திலிருந்து பிரிக்கும் கோடு.