வன்னியம்பட்டியின் பள்ளி ஆண்டு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே அமைந்த வன்னியம்பட்டி வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஓராண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து காற்று வீசும் ஜூன் மாதத்தில், புதிய பாடநூல்களுக்கு அட்டை போடுவதோடு தொடங்குகிறது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்காக உள்ளூர் விடுமுறை, அதாவது மாவட்ட ஆட்சியர் தம் மாவட்டத்துக்கு மட்டும் அறிவிக்கும் விடுமுறை, கிடைப்பதும், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடப்பதும் பிள்ளைகள் நன்கறிந்த வழக்கங்கள். காலாண்டுத் தேர்வு விரைவில் கடந்துவிடுகிறது.

இப்பள்ளி ஆண்டின் பேரழகு டிசம்பரில் வரும் அரையாண்டுத் தேர்வு மார்கழியோடு இணைவதில்தான் இருக்கிறது. பாவை நோன்பு என்பது கன்னிப் பெண்கள் விடியலில் நீராடி நோற்கும் மார்கழி விரதம். அதைத் திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பாடிய ஆண்டாளின் ஊரை அடுத்த இப்பகுதியில், கோயில் ஒலிபெருக்கியில் அப்பாசுரங்கள் எழும் வேளையிலேயே மாணவரும் கணக்குச் சூத்திரங்களை ஒப்பிக்க எழுவது, வேறெங்கும் இத்தனை இயல்பாக வாய்க்காத பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

பொங்கலுக்குப் பின் திருப்புதல் தேர்வுகள், அதாவது முழுப் பாடத்தையும் மீண்டும் எழுதிப் பார்க்கும் பயிற்சித் தேர்வுகள், அடுத்தடுத்து வருகின்றன. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் இவ்வட்டாரம் அடங்கிய விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றதற்குப் பின்னால், பள்ளி மணி அடித்த பிறகும் சிறப்பு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது. அது போதிய அளவு போற்றப்படவில்லை.