பில் வைட்டும் 'முதல் கறுப்பினத்தவர்' பட்டமும்

பேஸ்பால்காரர் பில் வைட்டைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் வரியிலேயே இந்தப் பட்டம் வந்துவிடும். பெரிய லீக் அணி ஒன்றின் நிரந்தர வர்ணனையாளரான முதல் கறுப்பினத்தவர். நேஷனல் லீகின் தலைவரான முதல் கறுப்பினத்தவர். தகவல் சரிதான். ஆனா அதோட நிறுத்திக்கிட்டா பாதிக் கதைதான் கிடைக்கும்.

2011-இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் பெயர் 'அப்பிட்டி'. 'திமிர் பிடிச்சவன்' என்று சொல்லலாம். தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்கி நிற்காத கறுப்பினத்தவரை வெள்ளையர்கள் வைத வார்த்தை அது. அதையே எடுத்து அட்டையில் போட்டுக்கொண்டார் மனுஷன்.

அந்தத் திமிர் நிஜமாக வேலை செய்தது 1961-இல். ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கார்டினல்ஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சி. ஊர் வர்த்தக சபை கொடுத்த காலை விருந்துக்கு வெள்ளை வீரர்களுக்கு மட்டும் அழைப்பு. தங்கும் இடமும் தனித்தனி. வைட் இதைப் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகச் சொன்னார். விஷயம் நாடு முழுக்கப் போனது. அடுத்த வருஷம் அணி முழுவதும் ஒரே இடத்தில் தங்கியது. அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை, ஆட்டம் மட்டும்தான். முதல் பேஸில் தொடர்ந்து 7 தங்கக் கையுறை விருதுகள் வாங்கினார்; 1964-இல் உலகத் தொடரை வென்ற அணியிலும் இருந்தார்.

1971 முதல் 1988 வரை யாங்கீஸ் ஆட்டங்களுக்கு வர்ணனை. கூட இருந்த ஃபில் ரிசூட்டோ பிறந்தநாள் வாழ்த்து, சாப்பாட்டுக் கதை என்று எங்கேயோ போய்விடுவார். ஸ்கோர் அட்டையில் அவர் போடும் 'பார்க்கவில்லை' என்ற குறி பிரபலம். ஆட்டத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தது வைட்தான். 1978-இல் பாஸ்டனுக்கு எதிராக பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன்னை டிவியில் சொன்ன குரலும் அவருடையதே. இதை ரசிக்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

அப்புறம் வந்தது நாற்காலி. 1987-இல் டாட்ஜர்ஸ் நிர்வாகி அல் கம்பானிஸ், கறுப்பினத்தவருக்கு நிர்வாகத் தகுதி குறைவு என்ற பொருளில் டிவியில் பேசி வேலையை இழந்தார். பேஸ்பாலின் மானம் போனது. 1989-இல் வைட் நேஷனல் லீக் தலைவர். திறமை இல்லாமல் கொடுத்த பதவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்த நேரத்தைக் கவனிக்கணும்.

பதவியின் கையில் இருந்தது என்ன? நடுவர்கள், அபராதம், இடைநீக்கம். பணமும் முடிவும் அணி உரிமையாளர்களிடம். 1992-இல் அவர்கள் கமிஷனர் ஃபே வின்சென்டையே விலக வைத்தார்கள். 1993-இல் டென்வர், மயாமி அணிகள் சேர்ந்தது வைட் காலத்தில்தான், மறுக்கவில்லை. ஆனால் 1994-இல் அவர் விலகினார். 1999 முடிந்ததும் லீக் தலைவர் பதவிகளையே எடுத்துவிட்டார்கள்.

பதவியே இல்லாத 1961-இல் ஒருவர் வாய் திறந்ததும் ஒரு ஊரின் வழக்கம் அசைந்தது. பெரிய பதவியில் இருந்தபோது அந்த அளவுக்கு எதுவும் அசையவில்லை. 'முதல்' என்ற பட்டத்தைப் படிக்கும்போது, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன மிச்சம் இருந்தது என்றும் கேட்கணும்.