குரல் ஒருவர், முகம் ஒருவர்: ‘பம்ப் அப் த ஜாம்’

“பாடலில் கருத்து இல்லை, ஆகவே இது தரமற்ற பாடல்.” திறனாய்வுக் கட்டுரைகளில் மாணவர்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம் இது. நானும் ஒரு காலத்தில் சரின்னு டிக் போட்டவள்தான்.

மாணவர்களே, பெல்ஜியத்தின் டெக்னோட்ரானிக் குழு 1989-இல் வெளியிட்ட ‘பம்ப் அப் த ஜாம்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி எழுதிப் பாருங்க. சிகாகோ நடன விடுதிகளில் பிறந்த ஹவுஸ் இசை, நியூயார்க்கில் வளர்ந்த ஹிப்-ஹாப்பின் ராப், இரண்டையும் தயாரிப்பாளர் யோ போகார்ட் இதில் சேர்த்திருக்கிறார். ‘ஹிப் ஹவுஸ்’ என்பார்கள். அமெரிக்காவில் முன்பே இருந்ததுதான். புதுமை என்று எழுதிவிடாதீர்கள்.

தலைப்புப் பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 அடி. டிரம் ஓர் அடிகூட விடாமல் இடிக்கிறது. இதற்கு மேல் நீண்ட வாக்கியம் பாடினால் மூச்சு முட்டும். ஆகவே பாடகி யா கிட் கே சொற்களைக் குட்டையாக நறுக்கி, அடிகளுக்கு நடுவே எறிகிறார். ஆட வாங்க என்பதுதான் செய்தி. அதைச் சொல்லும் சொல்லே இன்னொரு டிரம்மாகிவிடுகிறது. கொன்னக்கோல் கேட்கும்போது “தகதிமிக்கு என்ன பொருள்?” என்று நாம் கேட்பதில்லையே!

குறையும் உண்டு. எம்சி எரிக் ராப் செய்யும் பாடல்களில் குரல் மாறுகிறது, ஆனால் தாளம் பெரிதாக மாறுவதில்லை. பாதிக்கு மேல் எனக்குக் காது அசந்துவிட்டது. நடன அரங்கில் இது பலமாக இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அலுப்புதான்.

என்னை உறுத்தியது வேறு. தலைப்புப் பாடலின் வீடியோவில் வாயசைப்பவர் ஃபெல்லி என்ற மாடல். காங்கோவின் கின்ஷாசாவில் பிறந்து, பதின்ம வயதிலேயே இந்தப் பாடலைப் பாடிய யா கிட் கே அதில் இல்லை. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம்வரை போன பாட்டு அது. அடுத்து வந்த ‘கெட் அப்’ பாடலின் வீடியோவில்தான் அவர் முகத்தைப் பார்க்கிறோம். மேலே நான் பாராட்டிய அத்தனையும் அவருடைய நாக்கும் மூச்சும் செய்த வேலை. அதை எடுத்துக்கொண்டு ஆளை மறைத்தது, என் கணக்கில், இந்த ஆல்பத்தின் பெரிய குறை.

ஆசிரியர்களே, வகுப்பில் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள். பாடுபவரைப் பற்றி மாணவர்கள் நாலு வரி எழுதட்டும். வீடியோவை அப்புறம் காட்டலாம்.